வாசகர் கேள்வி – பதில்: காட்டுக்குப் புள்ளி போடுவது எப்படி?

இம்மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே விடயத்தைச் சுற்றியிருந்தன. இயற்கை மரபுரிமை என்று பாதுகாக்கப்படும் இடங்கள் உண்மையில் ஒழுங்காக நிர்வகிக்கப்படுகின்றனவா? அதை யார், எதை வைத்து அளக்கிறார்கள்? ஆறு கேள்விகளைத் தெரிந்தெடுத்திருக்கிறோம்.

சிங்கராஜ போன்ற இடங்களில் காவலர் தொகையும் வாகனங்களும் நிதி ஒதுக்கீடும் கூடினால் முகாமைத்துவம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– பல்கலைக்கழக மாணவி, பம்பலப்பிட்டி

முடியாது. நீங்கள் சொல்லும் மூன்றும் உள்ளீடுகள். ஐ.யூ.சி.என். எனப்படும் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பிரதேசங்களுக்கான ஆணைக்குழு 2000இல் வெளியிட்டு 2006இல் திருத்திய சட்டகம், முகாமைத்துவத்தை ஆறு கூறுகளாகப் பார்க்கச் சொல்கிறது. சூழ்நிலை (என்ன பெறுமதி, என்ன அச்சுறுத்தல்), திட்டமிடல், உள்ளீடு, செயன்முறை, வெளியீடு, விளைவு என்பன அவை. வாகனம் உள்ளீடு. அந்த வாகனத்தில் எத்தனை கிலோமீற்றர் ரோந்து போனார்கள் என்பது வெளியீடு. எதற்காக அந்த இடம் பாதுகாக்கப்பட்டதோ அது நலமாக இருக்கிறதா என்பதுதான் விளைவு.

சிங்கராஜ 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்குள்ள மரங்களில் 60 வீதத்துக்கும் மேற்பட்டவை வேறெங்கும் இல்லாத இலங்கைக்கே உரிய இனங்கள். பல இனப் பறவைகள் ஒன்றாகக் கூடி இரைதேடும் கலப்புக் கூட்டங்கள் அங்கே 1980களின் தொடக்கத்திலிருந்து ஆராயப்பட்டு வருகின்றன. சராசரிக் கூட்டத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட பறவைகள், பத்துக்கு மேற்பட்ட இனங்கள். பத்து வருடத்தில் ரோந்துத் தூரம் இரட்டிப்பாகி, அதே பத்து வருடத்தில் இந்தக் கூட்டங்கள் சிறுத்துப்போனால், அந்த இடம் தோற்றுக்கொண்டிருக்கிறது என்றே எழுத வேண்டும்.

ஓமானின் அராபிய ஓரிக்ஸ் சரணாலயத்தை எல்லோரும் படிக்க வேண்டும். 1994இல் பட்டியலில் சேர்ந்த இடம். 1996இல் 450 ஓரிக்ஸ் மான்கள் இருந்தன. பின்னர் 65 ஆகக் குறைந்து, இனப்பெருக்கம் செய்யும் சோடிகள் ஏறத்தாழ நான்கு மட்டுமே மிஞ்சின. எண்ணெய் தேடுவதற்காக அரசு சரணாலயத்தின் 90 வீதத்தை வெட்டிக் குறைத்தது. 2007இல் அது பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. உலக மரபுரிமை வரலாற்றில் அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் அதுதான்.

ஆனால் விளைவை மட்டும் பார்த்துத் திருப்தியடைவதும் ஆபத்து. நூறாண்டு வாழும் மரங்கள் உள்ள காட்டில் சீரழிவு கண்ணுக்குத் தெரிய இருபது வருடமாகலாம். பெரிய மரம் நிற்கும், அதன் கீழே கன்று இருக்காது. பாதை இல்லாத தூர இடமென்பதால் மட்டுமே தப்பிப் பிழைத்த காடும் உண்டு. அங்கே வீதி போட்ட மறுநாள் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதனால்தான் ஆறையும் சேர்த்துப் பார்க்கிறோம்.

எங்கள் பாடசாலைச் சுற்றாடல் கழகத்தில் உயர்தர மாணவர்கள் இருபது பேர் இருக்கிறார்கள். சிங்கராஜவுக்கு அடிக்கடி போக வசதியில்லை. கொழும்புக்குப் பக்கத்தில் ஓரிடத்தை எடுத்து ஒரு வருடத்தில் முறையான மதிப்பீடு செய்ய முடியுமா?
– ஆசிரியை, வெள்ளவத்தை

தாராளமாகச் செய்யலாம். உங்களுக்கு மிக வசதியான இடம் பெல்லன்வில – அத்திடிய சரணாலயம். 1990இல் பிரகடனமானது, 372 ஹெக்டேயர். பொறுப்பு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துடையது. உலக மரபுரிமை இடங்களுக்காக யுனெஸ்கோவும் ஐ.யூ.சி.என்.னும் 2008இல் வெளியிட்ட கருவித்தொகுதியில் 12 கருவிகள் இருக்கின்றன. இந்தியாவின் காசிரங்கா, கியோலாதேவ், நேபாளத்தின் சித்வன் உட்பட ஒன்பது இடங்களில் பரீட்சித்துத் தயாரித்தது அது. 2023இல் பண்பாட்டு மரபுரிமைக்கும் சேர்த்துப் புதிய பதிப்பு வந்திருக்கிறது. பன்னிரண்டையும் மாணவர்கள் செய்யத் தேவையில்லை. பெறுமதி, அச்சுறுத்தல், இடத்தின் வடிவமைப்பு, விளைவு ஆகிய நான்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவித்து அனுமதி பெறுங்கள். கடிதத்தில் போகும் இடங்கள், நாட்கள், ஆட்களின் தொகை மூன்றும் இருக்க வேண்டும். நீரில் இறங்கும் வேலை எதையும் மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். சதுப்பில் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு, முதலையும் உண்டு.

அடுத்தது பெறுமதிகளைத் தெரிவுசெய்வது. இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். முப்பது பெறுமதி எழுதி, ஒன்றையும் அளக்காமல் வருடம் முடிந்துவிடும். நான்கு போதும்: நீர்ப்பறவைகள் (வலசை வருபவை தனியாக), திறந்த நீரும் புல்லும் கலந்த வாழிடம், வெள்ளநீரைத் தாங்கி வைக்கும் இடப்பரப்பு, மீன்பிடிப் பூனை போன்ற அரிய விலங்குகள். நான்காவதை நீங்கள் நேரடியாக அளக்க முடியாது. திணைக்களத்திடமும் ஆய்வாளர்களிடமும் இருக்கும் பதிவுகளைக் கேட்டு எழுதிவையுங்கள். அளக்க முடியாததை 'அளக்கவில்லை' என்று அறிக்கையில் போடுவதும் மதிப்பீட்டின் ஒரு பகுதியே.

பறவைகளுக்கு ஆறு நிலைப்புள்ளிகள் வையுங்கள். ஒன்றுக்கொன்று குறைந்தது 200 மீற்றர் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் அதே கொக்கை இரண்டு தரம் எண்ணுவீர்கள். ஒவ்வொரு புள்ளியிலும் பத்து நிமிடம், 50 மீற்றர் ஆரைக்குள் உள்ளவை மட்டும், காலை 6.00 முதல் 8.30 வரை, மாதம் இரு தடவை. எண்ணுபவர்கள் மாறக் கூடாது. ஜனவரியில் கூர்மையான கண்ணுள்ள மாணவனும் ஜூலையில் புதியவனும் எண்ணினால், நீங்கள் அளந்தது பறவையை அல்ல, மாணவர்களை. மழை பெய்யும்போது எண்ணிக்கையை விட்டுவிட்டு வேறு நாள் வையுங்கள்.

வாழிடத்துக்கு நிழற்படப் புள்ளிகள். ஒரு கொங்கிறீற் தூணையோ மதகையோ அடையாளமாக வைத்து, திசைகாட்டியில் கோணத்தை எழுதி, கைபேசியை 1.5 மீற்றர் உயரத்தில் பிடித்து, பெருப்பிக்காமல் எடுங்கள். பெப்ரவரிப் படத்தை அடுத்த பெப்ரவரிப் படத்துடன் மட்டும் ஒப்பிட வேண்டும். மே மாத மழைக்குப் பின் எடுத்த படத்தில் எல்லாச் சதுப்பும் செழிப்பாகவே தெரியும்.

அத்திடியவில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது அன்னமுன்னாக் குடும்பத்தைச் சேர்ந்த, சிங்களத்தில் 'வெல் ஆத்த' எனப்படும் ஆக்கிரமிப்பு மரம். அதன் விதை நீரில் மிதந்து பரவும். வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். ஆகவே 'இவ்வருடம் இத்தனை மரம் வெட்டினோம்' என்ற கணக்கு எதையும் நிரூபிக்காது. கரையோரமாக 10 × 10 மீற்றர் சதுரங்கள் பத்து குறித்து, ஒவ்வொன்றிலும் முதிர்ந்த மரம், இளமரம், நாற்று மூன்றையும் தனித்தனியே எண்ணுங்கள். வெட்டிய இடத்தில் ஆறு மாதத்துக்குப் பின் துளிர்த்த அடிக்கட்டைகளின் வீதத்தையும் எடுங்கள். முதிர்ந்த மரம் குறைந்து நாற்று கூடினால் அந்த வேலை பலன் தரவில்லை.

எல்லைக்கு ஒரு வரைபடமும் நடையும் போதும். மண் கொட்டி நிரப்பிய கரையின் நீளத்தை மீற்றரில் எழுதுங்கள். கூகிள் ஏர்த்தில் பழைய வருடங்களின் செய்மதிப் படங்களை வைத்து எந்த வருடத்தில் நிரம்பியது என்பதைச் சரிபார்க்கலாம். இன்னொன்று முக்கியம்: தேசியப் பூங்கா அரச காணியில் மட்டுமே அமையும், சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம். கண்டது எல்லாவற்றையும் 'சட்டவிரோத ஆக்கிரமிப்பு' என்று அறிக்கையில் எழுதிவிட்டால் முழு அறிக்கையும் நம்பிக்கை இழக்கும். 'நிரப்பப்பட்ட காணி, உரிமை தெரியாது' என்று எழுதுங்கள்.

நீர்மட்டத்துக்கு, மதகில் சென்ரிமீற்றர் அளவு குறித்த இடத்தை வாரம் ஒருமுறை அதே நேரத்தில் பார்த்தால் போதும். பக்கத்தில் நாளாந்த மழைவீழ்ச்சியையும் எழுதுங்கள். மழை குறையாமல் மட்டம் தொடர்ந்து இறங்கினால் வடிகால் வேலை ஏதோ நடக்கிறது.

கடைசியாக, எச்சரிக்கை எல்லையை முன்கூட்டியே தீர்மானித்து எழுதிவிடுங்கள். உதாரணமாக, ஜனவரி நீர்ப்பறவை எண்ணிக்கை முதல் வருட அளவின் முக்கால் பங்குக்குக் கீழே இரண்டு வருடம் தொடர்ந்து விழுந்தால் திணைக்களத்துக்கு எழுதுவோம் என்று. முடிவு வந்தபின் எல்லை வகுத்தால் எல்லோரும் தங்களுக்குச் சாதகமாகவே வகுப்பார்கள். இந்த முதல் வருடம் உங்களுக்கு அடிநிலை மட்டுமே. நல்லது, கெட்டது என்று இப்போதே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அடுத்த அணி மாணவர்களிடம் கையளிக்க, எல்லாவற்றையும் ஒரே தாளில், ஒரே ஒழுங்கில் வைத்திருங்கள்.

மலையகத்தில் ஒரு காட்டுக்கு நடந்த மதிப்பீட்டுப் பட்டறையில் கலந்துகொண்டேன். அரை நாளில் எல்லாக் கேள்விக்கும் புள்ளி போட்டு முடித்துவிட்டார்கள். பெரும்பாலும் 2, சில 3. நேரில் பார்த்த காட்டுக்கும் அந்தப் புள்ளிக்கும் சம்பந்தமில்லை. குறை எங்கே?
– தொண்டு நிறுவன ஊழியர், கொள்ளுப்பிட்டி

குறை படிவத்தில் இல்லை, அதை நிரப்பிய விதத்தில். நீங்கள் சொல்வது பெரும்பாலும் 'மெற்' எனப்படும் கண்காணிப்புப் படிவமாக இருக்கும். உலக வங்கி – டபிள்யூ.டபிள்யூ.எப். கூட்டணி 2002இல் அறிமுகப்படுத்தியது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. ஆனால் புள்ளிக்குப் பக்கத்தில் ஆதாரத்துக்கு ஒரு நிரலும் அடுத்த நடவடிக்கைக்கு ஒரு நிரலும் இருக்கின்றன. அரை நாள் பட்டறைகளில் வெறுமையாக விடப்படுவது இந்த இரண்டும்தான். எங்கள் பார்வையில் புள்ளியை விட இவை பெறுமதியானவை. ஆதாரம் எழுதாத 3ஐ 'தெரியாது' என்றே வாசிக்க வேண்டும்.

புள்ளி ஏன் உயர்கிறது? உயரதிகாரி முன்னிலையில் கீழ்நிலை உத்தியோகத்தர் '0' என்று சொல்லமாட்டார். அடுத்த நிதி இந்தப் புள்ளியில் தங்கியிருக்கிறது என்ற எண்ணம் இருந்தால் இன்னும் சொல்லமாட்டார். 0 போட்டால் கேள்வி வரும், 3 போட்டால் ஆதாரம் கேட்பார்கள், ஆகவே 2. இதை மாற்ற, கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரும் தனியாக, பெயர் எழுதாமல் புள்ளி போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு பேச வேண்டியது கருத்து வேறுபட்ட கேள்விகளை மட்டுமே. 'ரோந்து போதுமானது' என்று காரியாலயம் 3 போட்டு, வெளிக்கள உத்தியோகத்தர் 1 போட்டிருந்தால், அன்றைய நாளை அந்த ஒரு கேள்விக்கே செலவழிக்கலாம்.

யார் அறைக்குள் இருக்கிறார்கள் என்பது அதைவிடப் பெரிய விடயம். சிவனொளிபாதமலை வனத்தின் ஓரத்தில் மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தோட்டங்கள் இருக்கின்றன. விறகுக்கும் தண்ணீருக்கும் காட்டோரத்துக்குப் போய்வருபவர்கள் தோட்ட மக்கள். அழைப்பிதழும் படிவமும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் வந்தால், அவர்கள் வந்தாலும் பேசமாட்டார்கள். தமிழில் படிவம், தமிழில் பேசும் நெறியாளர், வேலைநாள் அல்லாத ஒரு நாள், இழந்த நேரத்துக்குக் கொடுப்பனவு இவையெல்லாம் மதிப்பீட்டுச் செலவிலேயே சேர வேண்டும். இதை ஒரு சலுகையாக நினைக்கக் கூடாது. காட்டுக்குள் யார், எந்த மாதத்தில், எதற்காகப் போகிறார்கள் என்ற தகவல் அவர்களிடம் இருக்கிறது.

கூட்டுத்தொகையைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. எல்லைக் கற்கள் இல்லை (0), சட்ட நடவடிக்கை இல்லை (0), ஆனால் சுற்றுலா வசதி 3, அலுவலகக் கட்டடம் 3 என்றால் மொத்தம் கௌரவமாகத் தெரியும். எல்லை இல்லாத காட்டுக்குக் கட்டடம் ஈடாகாது. சராசரியை ஒருபோதும் தனியே வெளியிடாதீர்கள். 0 கிடைத்த கேள்விகளின் பட்டியலை முதற் பக்கத்தில் போடுங்கள்.

இந்தியாவில் புலிகள் காப்பகங்களுக்கு 2006 முதல் நடக்கும் மதிப்பீட்டில் வெளியார் குழுக்கள் நேரில் போய்ப் பார்க்கின்றன. 2022 சுற்றில் 51 காப்பகங்களில் பெரியாறு 94.38 வீதத்துடன் முதலிடம் பெற்றது. வெளியார் பார்ப்பது நல்ல வழக்கம். ஆனால் அந்த வீதத்தை வைத்து வெவ்வேறு காடுகளை வரிசைப்படுத்துவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஓர் இடத்தை அதே இடத்தின் முந்தைய நிலையுடன் ஒப்பிடுவதே பயன்.

ஹோட்டன் சமவெளியில் நுழைவுச்சீட்டு வருமானம் கூடுவது நல்ல அறிகுறியா?
– வங்கி உத்தியோகத்தர், கொட்டாஞ்சேனை

வருமானத்தை வைத்துச் சொல்ல முடியாது. 3,160 ஹெக்டேயர் பூங்காவில் பெரும்பாலான பயணிகள் நடப்பது 'உலக முடிவு'க்குப் போய் வரும் ஒரே சுற்றுப்பாதையில். பார்க்க வேண்டியவை: குறித்த இடங்களில் பாதையின் அகலம் (சேறான இடத்தைத் தவிர்த்து ஓரமாக நடப்பதால் பாதை வருடாவருடம் விரியும்), வாயிலில் பொலித்தீன் அகற்றிய பின்பும் பாதையில் கிடக்கும் கழிவின் அளவு, மரைகள் மனிதரிடம் எவ்வளவு நெருங்குகின்றன என்பது. உணவுக்காகக் கிட்ட வரும் மரை ஏற்கெனவே பழக்கப்பட்டுவிட்டது. இவற்றோடு மேட்டுநிலக் காட்டின் மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போவதும் பல தசாப்தங்களாக அவதானிக்கப்படுகிறது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் நீர்தரும் மேட்டுநிலம் இது. அம்பத்தலையில் சுத்திகரித்துக் கொழும்புக்கு வருவதும் களனி நீர்தான்.

மத்திய மலைநாட்டுக்கோ சிங்கராஜவுக்கோ உலக மரபுரிமைப் பட்டம் பறிபோகுமா?
– வாசகர், தெஹிவளை

நீக்கம் மிக அரிது. ஓமானுக்குப் பின் ஜெர்மனியின் டிரெஸ்டன் (2009), இங்கிலாந்தின் லிவர்பூல் (2021), இவ்வளவே. அதற்கு முன்படி 'ஆபத்திலுள்ள மரபுரிமை' பட்டியல். அதில் சேர்வது அவமானம் என்று அரசுகள் நினைப்பது தவறு. அசாமின் மானஸ் 1992இல் அதில் சேர்ந்து, நிலை தேறியபின் 2011இல் வெளியே வந்தது.

நமது இடங்களுக்கு உடனடிக் கவலை வேறு. 2010இல் சேர்ந்த மத்திய மலைநாடு பட்டியலில் ஒற்றை இடமாகவே இருக்கிறது, ஆனால் அதன் பகுதிகளில் ஹோட்டன் சமவெளியைப் பார்ப்பது வனசீவராசிகள் திணைக்களம், நக்கிள்ஸைப் பார்ப்பது வனப் பாதுகாப்புத் திணைக்களம். இரண்டும் வெவ்வேறு முறையில் அளந்தால் முழு இடத்தின் நிலை என்ன என்பதற்குப் பதில் கிடைக்காது. குறைந்தது நான்கைந்து பொதுக் குறிகாட்டிகளாவது ஒரே முறையில் எடுக்கப்பட வேண்டும். இன்னொன்று, அபிவிருத்தி வேலைகள். 2020இல் சிங்கராஜவின் லங்காகம வீதி பெரும் சர்ச்சையானதை மறந்திருக்கமாட்டீர்கள். மரபுரிமைத் தாக்க மதிப்பீடு வேலை தொடங்குமுன் நடக்க வேண்டும். அதற்கான வழிகாட்டியை யுனெஸ்கோவும் ஆலோசனை அமைப்புகளும் 2022இல் வெளியிட்டுள்ளன.

சாதாரணப் பிரசை ஒருவர் இந்த மதிப்பீடுகளை எப்படிப் பெறுவது? திணைக்களங்கள் இருக்கும் பத்தரமுல்லைக்குப் போனால் ஒருவர் இன்னொருவரிடம் அனுப்புகிறார்.
– ஓய்வுபெற்ற அதிபர், வத்தளை

நேரில் அலையாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தந்தத் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பம் கிடைத்ததற்கான எழுத்துமூல ஒப்புகையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வர வேண்டும். மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதன்பின் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

'சிங்கராஜவின் முகாமைத்துவம் எப்படி இருக்கிறது' என்று கேட்டால் 'அப்படி ஒரு தகவல் இல்லை' என்றுதான் பதில் வரும். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நடைமுறையிலுள்ள முகாமைத்துவத் திட்டமும் அது முடியும் ஆண்டும். கடைசி மதிப்பீட்டுப் படிவம், ஆதார நிரலுடன். அங்கீகரிக்கப்பட்ட ஆளணியும் தற்போது கடமையில் உள்ளோரும், பதவி வாரியாக. நிலஅளவை செய்து கல் நாட்டிய எல்லையின் நீளமும் மீதமுள்ள நீளமும். கடந்த ஐந்து வருடத்தில் தாக்கல் செய்த வழக்குகள், முடிந்தவை. ஒரு விண்ணப்பத்தில் ஐந்துக்கு மேல் கேட்காதீர்கள், இழுபடும். அரிய ஓர்க்கிட் அல்லது ஊர்வன எங்கே இருக்கின்றன என்ற துல்லியமான இடத்தையும் கேட்காதீர்கள். அதை வெளியிடாமல் வைப்பதே அவற்றுக்குப் பாதுகாப்பு.

கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளையும் தேடிப் பாருங்கள். திணைக்களத்துக்கு வெளியே இருந்து எழுதப்படுபவை என்பதால், வாங்கிய உபகரணம் பயன்படுகிறதா, வெற்றிடம் எவ்வளவு போன்ற விடயங்களில் நம்பத்தக்கவை. உலக மரபுரிமை இடங்களுக்கு அரசு ஏறத்தாழ ஆறு வருடத்துக்கொருமுறை சமர்ப்பிக்க வேண்டிய காலமுறை அறிக்கையும் இருக்கிறது. அது அரசே தன்னைப் பற்றி எழுதுவது. ஆகவே அதை ஐ.யூ.சி.என். 2014 முதல் வெளியிட்டுவரும் உலக மரபுரிமை நிலைநோக்கு மதிப்பீட்டுடன் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். இரண்டும் எங்கே முரண்படுகின்றன என்று குறித்துக்கொண்டு, அந்த இடங்களுக்கான ஆதாரத்தைத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள்.